ஸ்பீக்கர் படத்தின் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி

கணினியில் பாட்டு நின்றுபோனால் யாரும் முதலில் ஒலிச் சேவையைச் சந்தேகிப்பதில்லை. ஸ்பீக்கர் ஒயரை ஆட்டிப் பார்ப்போம். சத்தத்தைக் கூட்டும் கோட்டை வலப்பக்கம் முழுக்கத் தள்ளுவோம். ஹெட்போனைப் பிடுங்கி மறுபடி செருகுவோம். அதற்கப்புறம்தான் திரையின் வலது மூலையில், ஸ்பீக்கர் படத்தின் மேல், சின்னதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருப்பது கண்ணில் படும். மவுஸை அதன்மேல் கொண்டுபோனால் ‘ஆடியோ சர்வீஸ் இயங்கவில்லை’ என்று ஒரு வரி. சர்வீசஸ் பட்டியலைத் திறந்து, ‘விண்டோஸ் ஆடியோ’வைத் தேடிப் பிடித்து ‘ஸ்டார்ட்’ அழுத்தினால், பச்சைக் கோடு ஒன்று நகர்ந்து நகர்ந்து பாதியில் நின்று, ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அந்தப் பெட்டியை மூடிவிட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பதில் தயாராக இருக்கும்: “ஓ.எஸ். மாத்திப் போட்டுடலாம் சார். சாயங்காலம் வாங்க.”

மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் எது கெட்டிருந்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அடுத்த மாதம் அதே குறி அதே இடத்தில் விழுந்தால் மறுபடி அதே வைத்தியம். நாம் படிக்காமல் மூடிவிட்ட அந்த எண்ணிலேயே பாதி விடை இருந்தது என்பதுதான் வேடிக்கை. இத்தனை வருடங்களில் என்னுடைய இயந்திரங்களிலும் அக்கம்பக்கத்து இயந்திரங்களிலும் பார்த்த அளவில் சொல்கிறேன்: ஒலிச் சேவை தானாகப் படுத்துக்கொள்வது அபூர்வம். அதற்கு முன்னால் எழ வேண்டிய வேறு யாரோ எழவில்லை, அல்லது அதன் கையில் இருந்த சாவியை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

யார் இந்தச் சேவை

சர்வீஸ் என்பது திரையில் முகம் காட்டாத நிரல். நாம் கடவுச்சொல் தட்டுவதற்கு முன்பே எழுந்து வேலையைத் தொடங்கிவிடும். அச்சுப்பொறிக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று என்று விண்டோஸில் இப்படி நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. இவற்றை எழுப்புவதும் படுக்கவைப்பதும் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர் என்ற மேஸ்திரியின் பொறுப்பு.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பல நிரல்களின் ஒலியை ஒன்றாகக் கலக்கும் வேலை, இயங்குதளத்தின் கருவறையான கெர்னலுக்குள்ளேயே நடந்தது. கலக்கிய பகுதிக்கு கேமிக்சர் என்று பெயர். அந்த இடத்தில் ஒரு தவறு நடந்தால் மொத்த இயந்திரமும் நீலத்திரை காட்டிப் படுத்துவிடும். 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விஸ்டா இதைக் கலைத்துப் போட்டு, கலக்கும் வேலையைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவந்தது. வேலையும் பங்கு பிரிந்தது. இயந்திரத்தில் எத்தனை ஸ்பீக்கர், எத்தனை மைக், எது செருகியிருக்கிறது, எது பிடுங்கியிருக்கிறது என்று கணக்கெடுப்பது ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர் என்ற சேவை. எந்த நிரலின் ஒலி எந்த வாய்க்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது விண்டோஸ் ஆடியோ. உண்மையில் ஒலி கலக்கப்படும் அடுப்படி, ஆடியோடிஜி என்று டாஸ்க் மேனேஜரில் தெரியும் தனிப் புரொசஸ். ஒலி அட்டைக் கம்பெனிகள் ‘பாஸ் பூஸ்ட்’, ‘சரவுண்ட்’ என்று சேர்த்துக் கொடுக்கும் ஒப்பனைச் சரக்கெல்லாம் அங்கேதான் ஓடும். அந்தச் சரக்கில் ஒன்று வெடித்தால் அடுப்படியோடு போகட்டும், வீடு நிற்கட்டும் என்பது திட்டம்.

விஸ்டாவைத் திட்டாதவர்கள் குறைவு. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் ஒலி விஷயத்தில் அது செய்தது சரி என்பதே என் கட்சி. அதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், ஒரே இடத்தில் நடந்த வேலை பல கைகளுக்குப் போனதால் சங்கிலி நீண்டுவிட்டது. விண்டோஸ் 7 இல் விண்டோஸ் ஆடியோ எழ வேண்டுமானால் எண்ட்பாயிண்ட் பில்டர் எழுந்திருக்க வேண்டும். அது எழ பிளக் அண்ட் பிளே எழுந்திருக்க வேண்டும். தவிர ஆர்பிசி என்கிற, நிரல்கள் ஒன்றையொன்று கூப்பிட உதவும் சேவையும், மல்டிமீடியா கிளாஸ் ஷெட்யூலர் என்ற இன்னொன்றும் தயாராக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதனிடம் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

எது மௌனம், எது மறுப்பு

சத்தம் வரவில்லை என்பதும் சேவை எழவில்லை என்பதும் ஒன்றில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு மணிக்கணக்கில் தவறான இடத்தைத் தோண்டுகிறவர்கள் அதிகம். சிவப்புக் குறியின் மேல் மவுஸை வைத்தால் ‘ஆடியோ சர்வீஸ் இயங்கவில்லை’ என்றும் வரலாம், ‘ஒலி வெளியிடும் சாதனம் எதுவும் நிறுவப்படவில்லை’ என்றும் வரலாம். இரண்டாவது வந்தால் சேவை நன்றாகத்தான் இருக்கிறது. அதன் கையில் கொடுக்க ஸ்பீக்கர்தான் இல்லை. பிரச்சினை டிரைவரிலோ வன்பொருளிலோ இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் 2018 அக்டோபரில் நடந்தது. இன்டெலின் ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி டிரைவரின் 9.21.00.3755 என்ற பதிப்பு, அதற்குத் தகுதியில்லாத கணினிகளுக்கும் விண்டோஸ் அப்டேட் வழியாகத் தவறுதலாகப் போய்ச் சேர்ந்தது. விண்டோஸ் 10 இன் 1803, 1809 பதிப்புகள் ஓடிய பல இயந்திரங்களில் சட்டென்று ஒலி போயிற்று. சர்வீசஸ் பட்டியலைத் திறந்து பார்த்தவர்களுக்கு விண்டோஸ் ஆடியோ ‘ரன்னிங்’ என்றே காட்டியது. சேவையை நிறுத்தி நிறுத்தி எழுப்பியவர்களின் உழைப்பு அத்தனையும் வீண். டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவரைக் கழற்றி எறிந்தவுடன் பாட்டு வந்தது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. சேவை எழும், ஒலி தொடங்கும், சில விநாடியில் செத்துவிடும், மறுபடி எழும். பெரும்பாலும் இது மேலே சொன்ன ஒப்பனைச் சரக்கின் கைவரிசை. ஒலிச் சாதனத்தின் பண்புகளில் ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்ற தாவலுக்குப் போய் எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்த இரண்டு வகையையும் ஒதுக்கிவிட்டு, நிஜமாகவே எழ மறுக்கிற சேவைக்கு வருவோம்.

எண்ணைப் படிப்பது

விண்டோஸ் தரும் பிழைச் செய்தியின் ஆங்கிலம் பலருக்கு விளங்குவதில்லை என்பது நியாயமான புகார். ஆனால் எண் எந்த மொழிக்கும் பொது. இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றி வைத்தாலும் 1068 என்றால் 1068தான்.

எளிதானது 1058. சேவை முடக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் நம் கையாலேயே முடக்கியிருப்போம். கணினி வேகமாக எழட்டும் என்று எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவிக்குள் போய், ‘மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறை’ என்ற கட்டத்தை டிக் செய்ய மறந்து, ‘எல்லாவற்றையும் முடக்கு’ அழுத்தியவர்களை எனக்குத் தெரியும். சேவையின் பண்புகளைத் திறந்து, தொடங்கும் வகையை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கினால் போதும்.

1068 தான் இந்தக் கதையின் நாயகன். ‘இது சார்ந்திருக்கும் சேவையோ குழுவோ எழவில்லை’ என்பது அதன் பொருள். எது எழவில்லை என்று அந்தப் பெட்டி சொல்லாது. சொல்லும் இடம் ஈவென்ட் வியூவர். அங்கே சிஸ்டம் பதிவில் 7001 என்ற எண்ணிட்ட வரியைத் தேடினால், ‘விண்டோஸ் ஆடியோ இன்னாரைச் சார்ந்திருக்கிறது, இன்னார் இந்தக் காரணத்தால் எழவில்லை’ என்று பெயரோடு எழுதியிருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், அதற்கும் ஒரு 7001 இருக்கலாம். அப்படியே கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் நிற்கிற ஆள்தான் குற்றவாளி. பண்புகளில் ‘டிபென்டன்சீஸ்’ தாவலிலும் இந்தச் சங்கிலி மரம்போல விரிந்து தெரியும். ஆனால் மரம் யார் யார் என்று மட்டுமே சொல்லும். யார் தவறினார் என்று சொல்வது அந்தச் சிஸ்டம் பதிவுதான்.

இப்போது என் பழைய கணக்கு. மல்டிமீடியா கிளாஸ் ஷெட்யூலர் விஸ்டாவோடு வந்தது. பாட்டும் படமும் திக்காமல் ஓட அவற்றுக்கு புராசசரில் முன்னுரிமை வாங்கித் தருவது அதன் வேலை. அதற்காக, ஒலி ஓடும்போது நெட்வொர்க் பொட்டலங்களைக் கையாளும் வேகத்தை மில்லிவிநாடிக்கு 10 என்று கட்டுப்படுத்தவும் செய்தது. பாட்டுக் கேட்டுக்கொண்டே கோப்பு நகலெடுத்தால் வேகம் குறைகிறது என்று 2007 இல் பெரிய கூச்சல் எழுந்தது. விண்டோஸின் உள்ளுறுப்புகளை அறிந்தவரும் மைக்ரோசாஃப்டில் பணியாற்றுபவருமான மார்க் ருசினோவிச் அந்த ஆகஸ்டில் காரணத்தை விளக்கி எழுதினார். கணக்குப் போட்டால் விஷயம் புரியும். விநாடிக்கு 10,000 பொட்டலம், ஒவ்வொன்றும் 1500 பைட் என்றால் 15 மெகாபைட். விநாடிக்கு 100 மெகாபிட் வலையில் முழுக்க ஓட்டினாலும் 12.5 மெகாபைட்டைத் தாண்டாது. ஆக, கிகாபிட் வலை வைத்திருந்தவர்களுக்குத்தான் இந்தக் கடிவாளம் உறைத்திருக்கும்.

விஷயம் அத்தோடு நின்றிருக்கலாம். ‘இந்த ஷெட்யூலரை முடக்கினால் இன்டர்நெட் பறக்கும்’ என்ற குறிப்பு உலகம் முழுக்கப் பரவியது. முடக்கியவர்களுக்கு அடுத்த முறை கணினி எழுந்தபோது 1068 வந்தது, ஏனென்றால் விண்டோஸ் ஆடியோ அதைச் சார்ந்திருந்தது. அதற்கும் ஒரு குறிப்பு கிளம்பியது: விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், விண்டோஸ் ஆடியோவின் சார்புப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரையே அழித்துவிடு. நானும் அழித்தேன். பட்டியலில் ஒரு பெயரை அழிக்கப் போய், கை தவறி ஆர்பிசியையும் சேர்த்துக் கெடுத்து, இரண்டு நாள் ஊமைக் கணினியோடு உட்கார்ந்திருந்தேன். அன்று என் வீட்டில் இருந்தது 512 கிலோபிட் இணைப்பு. கிகாபிட் வலைக்காரர்களின் தலைவலிக்கு நான் மாத்திரை விழுங்கியிருக்கிறேன். விண்டோஸ் 10 இல் அந்த ஷெட்யூலர் சேவைப் பட்டியலிலிருந்தே போய், டிரைவராக மாறிவிட்டது. பழைய குறிப்புகள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

1079 வேறு மாதிரி. ‘இந்தச் சேவைக்குக் கொடுத்த கணக்கும், இதே புரொசஸில் ஓடும் மற்ற சேவைகளின் கணக்கும் பொருந்தவில்லை’ என்று அது சொல்கிறது. விண்டோஸில் பல சேவைகள் எஸ்விசிஹோஸ்ட் என்ற ஒரே வீட்டில் கூட்டுக்குடித்தனம் நடத்தும். விண்டோஸ் 7 இல் விண்டோஸ் ஆடியோ குடியிருந்த வீட்டில்தான் ஐபி முகவரி வாங்கித் தரும் டிஎச்சிபி கிளையன்டும், நிகழ்வுகளை எழுதிவைக்கும் ஈவென்ட் லாகும் குடியிருந்தன. ஒரே வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். அந்தக் கார்டு ‘லோக்கல் சர்வீஸ்’ என்ற கணக்கு. யாரோ, எப்போதோ, ‘லாக் ஆன்’ தாவலில் விண்டோஸ் ஆடியோவை ‘லோக்கல் சிஸ்டம்’ என்று மாற்றிவிட்டிருப்பார்கள். திரும்ப ‘லோக்கல் சர்வீஸ்’ என்று போட்டு, கடவுச்சொல் கட்டங்களைக் காலியாக்கிச் சேமித்தால் வேலை முடிந்தது. 2017 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள இயந்திரங்களில் பல சேவைகளுக்குத் தனிக்குடித்தனம் கிடைத்துவிட்டது. பழைய கூட்டுக்குடித்தன இயந்திரத்தில் ‘ஸ்டார்ட்டிங்’ என்று தொங்கி நிற்கும் ஒலிச் சேவையை டாஸ்க் மேனேஜரில் கொல்லப் போனால், இன்டர்நெட்டும் சேர்ந்து போவது இதனால்தான்.

எட்டு இலக்கமாக நீண்ட எண் வந்தாலும் பயப்பட வேண்டாம். 8007 என்று தொடங்கினால் கடைசி நான்கு இடம் மட்டும் நமக்கு வேண்டும். அது பதினாறின் அடியில் எழுதியது. கால்குலேட்டரை ‘புரோகிராமர்’ வகைக்கு மாற்றித் தட்டினால் பழைய நண்பர்களே வருவார்கள்: 80070437 என்பதன் 437 தான் 1079. 8007042சி என்பதில் 42சி தான் 1068. 80070005 என்றால் வெறும் 5.

அந்த 5, ‘அனுமதி இல்லை’. கொஞ்சம் கஷ்டமானது இதுதான். சேவைக்குத் தன் ரெஜிஸ்ட்ரிப் பகுதியையோ கோப்பையோ படிக்கிற உரிமை பறிபோயிருக்கிறது. தீநிரல் புகுந்து போன வீட்டிலும், ரெஜிஸ்ட்ரியைச் ‘சுத்தம்’ செய்கிற மென்பொருள் புகுந்த வீட்டிலும் இது நடக்கும். இரண்டும் விட்டுப்போகிற தடயம் ஏறக்குறைய ஒன்றே.

நிர்வாகிக் குழு என்னும் நாட்டு மருந்து

அனுமதி இல்லை என்ற பிழைக்கு ஊரெல்லாம் ஒரே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து, ‘லோக்கல் சர்வீஸ்’, ‘நெட்வொர்க் சர்வீஸ்’ என்ற இரண்டு கணக்குகளையும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் சேர்த்துவிடு, இயந்திரத்தை அணைத்துப் போடு. பல சமயம் பாட்டும் வந்துவிடும். வந்தவுடன் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்த மருந்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. காரணம் ஒலி சம்பந்தப்பட்டதே இல்லை. அந்த இரண்டு கணக்குகளும் உண்டாக்கப்பட்டதே சேவைகளின் கையில் அதிக அதிகாரம் இருக்கக்கூடாது என்பதற்காக. 2003 ஆகஸ்டை நினைவிருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிளாஸ்டர் என்ற புழு, ஆர்பிசி சேவையில் இருந்த ஓட்டை வழியாக எக்ஸ்பி இயந்திரங்களுக்குள் நுழைந்தது. ‘60 விநாடியில் கணினி அணையும்’ என்று எண்ணிக்கொண்டே இறங்கும் பெட்டியைப் பார்த்தபடி கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஒரு மாதம் முன்பே வந்துவிட்டது, பலர் போடவில்லை என்பது வேறு கதை. அன்று ஆர்பிசி முழு அதிகாரமுள்ள சிஸ்டம் கணக்கில் ஓடியது. உள்ளே நுழைந்தவனுக்கும் அதே அதிகாரம். அந்த அடியில் பாடம் கற்றுத்தான், 2004 இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, ஆர்பிசியை அதிகாரம் குறைந்த நெட்வொர்க் சர்வீஸ் கணக்குக்கு இறக்கியது.

இப்போது பாட்டு வரவில்லை என்று நாம் நெட்வொர்க் சர்வீஸை நிர்வாகிக் குழுவில் சேர்க்கிறோம். அந்தக் கணக்கில் ஓடும் ஆர்பிசிக்கும், வலையைப் பார்த்து நிற்கும் இன்னும் பல சேவைகளுக்கும் வீட்டுச் சாவிக்கொத்தைத் திரும்பக் கொடுக்கிறோம். பூட்டு இறுகிவிட்டது என்று கதவையே கழற்றி வைப்பது போன்ற வேலை. செய்துவிட்டவர்கள் குழுவிலிருந்து அந்த இரண்டு பெயரையும் இன்றைக்கே எடுத்துவிடுவது நல்லது.

அனுமதிப் பிழைக்கு நேர்மையான வழி கொஞ்சம் நீளமானது. முதலில் பழுது தொடங்கிய நாளுக்கு முந்தைய சிஸ்டம் ரீஸ்டோர் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதைவிடச் சுலபம் வேறில்லை, ரெஜிஸ்ட்ரியின் அனுமதிகளும் சேர்ந்து திரும்பும். இல்லையென்றால் தீநிரல் சோதனை, பிறகு டிஐஎஸ்எம் கட்டளையால் விண்டோஸின் கோப்புக் கிடங்கைச் சரிசெய்து, அதன்மேல், கெட்ட சிஸ்டம் கோப்புகளைத் தேடி மாற்றும் எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டுவது. டிஐஎஸ்எம்மின் அந்தப் பழுதுபார்க்கும் வசதி விண்டோஸ் 8 இலிருந்து உண்டு. வரிசை முக்கியம். எஸ்எஃப்சி நல்ல கோப்பை எடுப்பது அந்தக் கிடங்கிலிருந்துதான். கிடங்கே கெட்டிருந்தால் அதனால் சரிசெய்ய முடியாமல் போகும். எதுவும் பலிக்காவிட்டால், நம் கோப்புகளையும் நிரல்களையும் வைத்துக்கொண்டே விண்டோஸை அதே இடத்தில் மறுபடி நிறுவலாம். கடைக்காரர் சொன்ன ‘ஓ.எஸ். மாத்துற’ வேலையின் சாதுவான தம்பி அது. வட்டைத் துடைக்க வேண்டியதில்லை.

1053 என்ற எண்ணைப் பற்றியும் இரண்டு வரி. சேவை 30 விநாடிக்குள் பதில் சொல்லவில்லை என்று மேஸ்திரி பொறுமை இழந்ததன் அடையாளம். முதுமை தட்டிய வன்வட்டுகளில் காலையில் மட்டும் வரும். மறுமுறை கைமுறையாக எழுப்பினால் எழுந்துவிடும். வட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியதை வேண்டுமென்றே பின்னால் வைத்தேன், கேட்டால் சிரிப்பீர்கள் என்பதால். ‘ஷட் டவுன்’ செய்யாதீர்கள், ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். விண்டோஸ் 8 இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதிவைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படுகின்றன. நேற்று கோணலாக நின்ற டிரைவர் இன்றும் கோணலாகவே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ‘பத்து தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்’ என்கிறவர்கள் ஒரு தடவைகூட உண்மையில் அணைத்திருக்க மாட்டார்கள்.

லினக்ஸில் வேறு வழக்கம்

லினக்ஸில் ஒலியின் அடித்தளம் அல்சா. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு அது அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. வன்பொருளோடு பேசுவது அது. அதன்மேல் பல நிரல்களின் ஒலியைக் கலக்க ஒரு சேவகன் வேண்டும். லெனார்ட் பொட்டரிங் 2004 இல் தொடங்கிய பல்ஸ் ஆடியோ அந்த இடத்துக்கு வந்தது. 2007 நவம்பரில் ஃபெடோரா 8 அதை எடுத்துக்கொண்டது, 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 பின்தொடர்ந்தது. அந்த முதல் ஒன்றிரண்டு வருடம் லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு ஒலி என்றாலே பல்லைக் கடிக்கத் தோன்றும். இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பைப்வயர். ரெட் ஹேட்டின் விம் டெமன்ஸ் உருவாக்கியது. 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34, 2022 அக்டோபரில் உபுண்டு 22.10 என்று இடம்பிடித்து, 2023 நவம்பரில் 1.0 பதிப்பைத் தொட்டது.

விண்டோஸிலிருந்து வருகிறவர்கள் தவறுவது ஒரே இடத்தில். இங்கே ஒலிச் சேவை இயந்திரத்துக்குச் சொந்தமல்ல, உள்நுழைந்திருக்கும் பயனருக்குச் சொந்தம். ஒருவரின் மைக்கை மற்றொருவர் ஒட்டுக்கேட்கக் கூடாது என்ற நியாயமான காரணம் அதற்கு உண்டு. ஆகவே சேவைகளின் நிலையைக் கேட்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் ‘யூசர்’ என்ற சொல்லைச் சேர்த்துக் கேட்டால்தான் பைப்வயரின் நிலைமை தெரியும். சேர்க்காமல் கேட்டால் ‘அப்படி ஒரு சேவையே இல்லை’ என்று வரும். உடனே பதற்றத்தில் சூடோ போட்டு ரூட் அதிகாரத்தில் பல்ஸ் ஆடியோவை எழுப்புவார்கள். அதுதான் புதிய நோயின் ஆரம்பம். பயனரின் வீட்டு அடைவுக்குள் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் உருவாகிவிடும். அடுத்த முறை பயனரின் சேவை தன் கோப்பையே திறக்க முடியாமல் விழும். அதிகாரம் போதவில்லை என்று நினைத்து அதிகாரத்தைக் கூட்டுவது விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரிதான் முடிகிறது. கோப்புகளின் உரிமையைப் பயனருக்கே திருப்பிக் கொடுத்தால் சரியாகும்.

இன்னொரு குழப்பம், பைப்வயர் ஓடுகிறது, ஆனால் அமைப்புகளில் ‘டம்மி அவுட்புட்’ மட்டும் தெரிகிறது. பைப்வயர் குழாய் மட்டும்தான். எந்தக் குழாயை எதில் மாட்டுவது என்று முடிவு செய்வது வயர்பிளம்பர் என்ற வேறொரு சேவை. பெயரே அதுதான், குழாய் ஆசாரி. அவர் வரவில்லை என்றால் குழாய் இருந்தும் தண்ணீர் வராது. அவர் வந்தும் டம்மி என்றால், புதிய இன்டெல் மடிக்கணினிகளில் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் கோப்புகள் நிறுவப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பழைய பல்ஸ் ஆடியோவும் புதிய பைப்வயரும் ஒரே சாதனத்துக்கு மல்லுக்கட்டுவதும் உண்டு. மேம்படுத்திய இயந்திரங்களில் அதைக் கண்டிருக்கிறேன். வீட்டு அடைவு இருக்கும் வட்டு நிரம்பியிருந்தாலும் சேவை எழாமல் போகலாம். இதை மட்டும் எல்லாரும் கடைசியாகவே பார்க்கிறார்கள்.

லினக்ஸை நான் ஒரு விஷயத்தில் உயர்வாகச் சொல்வேன். ஜர்னல்சிடிஎல் காட்டும் பதிவில் காரணம் பெரும்பாலும் ஒரு முழு வாக்கியமாகவே இருக்கும். எண்ணைப் பிடித்துக்கொண்டு நான்கு கதவு தட்ட வேண்டியதில்லை.

மேக்கில் சொல்ல அதிகமில்லை. கோர்ஆடியோடி என்ற ஒரே சேவகன். அவன் உறைந்தால் டெர்மினலில் அவனைக் கொன்றுவிடலாம், லாஞ்ச்டி என்ற மேற்பார்வையாளன் அடுத்த நொடியே புதியவனை எழுப்புவான். மறுபடி மறுபடி விழுந்தால், கூட்டம் பதிவு செய்வதற்காக எப்போதோ நிறுவிய மெய்நிகர் ஒலிக் கருவியின் மிச்சம், லைப்ரரியின் ஆடியோ அடைவில் ஹால் என்ற பெட்டிக்குள் கிடக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும்.

பாட்டுக்காக மட்டும் அல்ல

பார்க்கக்கூடியவர்களுக்கு இந்தப் பழுது ஒரு மாலைப்பொழுதின் எரிச்சல். பார்வையற்றவருக்கு அப்படி இல்லை. அவருக்குத் திரையே ஒலிதான். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை, தானும் பார்வையற்றவரான ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006 இல் தொடங்கினார். அதனோடு வரும் இஸ்பீக் என்ஜி குரலில் தமிழும் உண்டு என்பதால் தமிழ்ப் பக்கங்களையும் அது வாசிக்கும். விண்டோஸின் சொந்த நரேட்டரும் இருக்கிறது. ஒலிச் சேவை எழாத அன்று இரண்டும் சேர்ந்தே ஊமையாகின்றன. பிரெயில் காட்சிக் கருவி வைத்திருப்பவர் மட்டும் தப்பிப்பார். மற்றவருக்குப் பிழைச் செய்தி எதுவானாலும், அதைப் படிக்கிற வழியே அடைபட்டிருக்கிறது. ‘சர்வீசஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள்’ என்று இதுவரை நான் எழுதியதெல்லாம் அவருக்குப் பயனற்றது.

அதனால் எதையும் பார்க்காமலும் கேட்காமலும், விசைப்பலகையை மட்டும் நம்பிச் செய்யக்கூடிய வழி ஒன்று. ஆங்கில இடைமுகம் உள்ள விண்டோஸுக்கு இது பொருந்தும். விண்டோஸ் விசையைத் தட்டுங்கள். சி, எம், டி என்று மூன்று எழுத்து தட்டி இரண்டு விநாடி பொறுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு என்டர் அழுத்துங்கள். ஐந்து விநாடி கழித்து ஆல்ட்டோடு ஒய். இன்னும் ஐந்து விநாடி. பிறகு நெட், இடைவெளி, ஸ்டார்ட், இடைவெளி, அடுத்து ஏ-யு-டி-ஐ-ஓ-எஸ்-ஆர்-வி என்று சேர்த்துத் தட்டி என்டர். இந்தக் கட்டளை, விண்டோஸ் ஆடியோ சார்ந்திருக்கும் எண்ட்பாயிண்ட் பில்டர் படுத்திருந்தால் அதையும் சேர்த்தே எழுப்பும். பத்து விநாடி காத்திருந்து, கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் என் அழுத்தினால் என்விடிஏ மறுபடி தொடங்கும், குறுக்குவிசையை நிறுவும்போதே அனுமதித்திருந்தால்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பார்வையற்ற கணினிப் பயனர் ஒருவர் இருந்தால், ஒலி நன்றாக இருக்கும் ஒரு நாளில், இந்த வரிசையை அவரோடு உட்கார்ந்து இரண்டு முறை தட்டிப் பாருங்கள்.